காழும் காழ்ப்பும்

(தசலட்சணப் பருவத்தின் முதல் நாளாகிய உத்தமப் பொறுமை நாளில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உத்தமப் பொறுமைக்கு உரிய நாளில் பொறுமையின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அதனை ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய செவிகள் இந்த அவையில் பல. ஆதலின் இன்றைய உரை, பொறுமை எதனோடு போராட வேண்டியுள்ளதோ அதன் பெயரை எடுத்துக்கொள்கிறது. அப்பெயர் காழ்ப்பு. நாளிதழ்களில் “அரசியல் காழ்ப்புணர்ச்சி” என்று அடிக்கடி அச்சேறும் சொல்தான் அது. எழுதுவோரும் படிப்போரும் அது மரத்தின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட சொல் என்பதை நினைப்பதில்லை.

காழ் என்பது மரத்தின் வயிரம். சேகு என்பதும் அதுவே. முதிர்ந்த தேக்கையோ வேங்கையையோ குறுக்கே அறுத்தால் வெட்டுமுகத்தில் இரண்டு நிறங்கள் தெரியும். பட்டையை ஒட்டி வெளுத்த வளையம். அதனுள்ளே கருத்தோ சிவந்தோ காணும் வட்டம். வெளுத்த பகுதியைத் தச்சர் கழித்துவிடுவர். அது விரைவில் உளுத்துப்போகும், செல்லரிக்கும். உள்வட்டமே கதவுக்கும் நிலைக்கும் ஆவது. “வயிரம் பாய்ந்த கட்டை” என்று எண்பது வயதிலும் நிமிர்ந்து நடக்கும் பெரியவரைப் பாராட்டுவது இதனை வைத்துத்தான்.

இக்கடினத்தின் பெயர் பிற கடினங்களுக்கும் பரவியது. பழத்தின் கொட்டை காழ்; விதை காழ்; கோத்த மணிவடமும் காழ்; யானையைப் பிணிக்கும் தறியும் காழ்; இரும்புக் கம்பியும் காழ். வினையாக்கினால் காழ்த்தல் ஆகும்; முற்றுதல், வயிரம் கொள்ளுதல் என்பது பொருள். அவ்வினையிலிருந்து வந்த காழ்ப்பு என்னும் பெயர்க்கு வயிரம், உறுதி, நாவில் ஏறும் உறைப்பு என்று பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. இன்றைய வழக்கில் அவையெல்லாம் உதிர்ந்து, நெஞ்சில் முற்றிய பகை என்னும் ஒரு பொருளே எஞ்சி நிற்கிறது. நல்ல மரத்தைப் புகழ்ந்த சொல், கெட்ட மனத்தைப் பழிக்கும் சொல்லாக முடிந்திருக்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் இக்காழைக் கொண்டே தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே காழ் உடையவை புல். உள்ளே காழ் உடையவை மரம். பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் அக்கணக்கில் புல்லினம். புளியும் தேக்கும் மருதும் மரம். ஓங்கி நிற்கும் பனையைப் புல் என்றால் இன்று சிரிப்பவர் உண்டு. ஆயினும் அறுத்துப் பார்த்தவர் சிரிக்கமாட்டார். முதிர்ந்த பனையின் வெளிப்புறம் கருத்து இறுகி, கூரைக்குக் கைமரமாகத் தலைமுறைகள் தாங்கும்; உள்ளே சோறு போன்ற மென்மையே உண்டு. இக்காலத் தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது. கருவி ஏதுமின்றி, வெட்டுமுகத்தை மட்டுமே பார்த்து வகுத்த வகுப்பு இது.

அதே மரபியல்தான் உயிர்களை அறிவு வகையால் ஆறாக எண்ணி, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது. சமண ஆகமமும் தாவரத்தை ஸ்பரிசம் ஒன்றே உடைய ஏகேந்திரியம் என்னும். ஆறாவதாக மனத்தைத் தனியே எண்ணுவது தொல்காப்பியம். ஐம்பொறி உயிர்களுக்குள்ளேயே மனமுள்ளவை, மனமில்லாதவை என்று பிரிப்பது ஆகமம். வேறுபாடு இருப்பினும் உறவு தெளிவு. தொல்காப்பியரைச் சமணர் என்று கருதிய எஸ். வையாபுரிப் பிள்ளைக்கு இப்பகுதியும் ஒரு சான்றாயிற்று. அந்த வாதம் இன்றைய பொருளன்று. காழைக் கூர்ந்து பார்த்த அதே கண், தாவரத்துக்கு உயிரும் உணர்வும் உண்டு என்பதையும் கண்டது என்பதே இங்கு வேண்டுவது.

புறக்காழ், அகக்காழ் என்னும் இரண்டும் மனிதருக்கும் பொருந்தும். சிலர் பனை போன்றவர். வாய் திறந்தால் சுடுசொல். வீட்டுக்கு வந்தவரை முதலில் அதட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வர். அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே சோறுதான், மாலைக்குள் மறந்திருப்பார். வேறு சிலர் வெளியே வெளுப்பும் மென்மையும் காட்டுவர். அவர்கள் சொல்லில் பிசகு இராது, கைகூப்பு தவறாது. உள்ளே ஆண்டுக்கு ஒரு வளையமாக ஏதோ ஒன்று கருத்து இறுகிக்கொண்டே இருக்கும். ஊர், முன்னவரைக் கோபக்காரர் என்று ஒதுக்கி, பின்னவரைச் சாந்தசீலர் என்று மேடையேற்றும். ஊரின் கணக்கு அவ்வளவே.

சமணர் மரபு ஏலாசாரியரின் நூலாகப் போற்றும் திருக்குறளில் இச்சொல் மூன்று இடங்களில் மூன்று முகம் காட்டுகிறது. 760ஆம் குறளில் நல்வழியில் பொருளைக் காழ்க்கச் செய்தவர்க்கு அறமும் இன்பமும் எளிதில் கைகூடும் என்னும் கருத்து. அங்கே காழ்த்தல் மிகுந்து முதிர்தல், நற்பொருள். 1191ஆம் குறளில் காதலரால் காதலிக்கப்பெறும் பேறு, கொட்டை இல்லாத கனி என்று காட்டப்படுகிறது. காழ் அங்கே பல்லில் தடுக்கும் இடையூறு. 879ஆம் குறளில்தான் சொல் தன் பிறந்த இடமாகிய மரத்துக்குத் திரும்புகிறது. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைய வேண்டும். காழ்த்தபின் அது தன்னை வெட்டுவோரின் கையையே புண்படுத்தும் என்பது கருத்து.

பகைத்திறம் தெரிதல் என்னும் அதிகாரத்தில், அரசனுக்குக் கூறப்பட்ட அரசியல் அறிவுரை இது. வெளிப்பகையை வளரவிடாதே என்பது நேர்ப்பொருள். ஆயினும் அறநூலைத் தன்னை நோக்கித் திருப்பிப் படிப்பது சிராவகர் வழக்கம். முள்மரம் தன் நெஞ்சிலேயே முளைத்திருந்தால்? அப்போது வெட்டுபவனும் வெட்டப்படும் நிலமும் ஒருவனே. காழ்த்தபின் கை நோகும் என்பது உவமையளவில் நில்லாது. பத்தாண்டு பேசாதிருந்த உடன்பிறந்தானின் வாயிலில் போய் நிற்பவன் கால் எப்படி நடுங்கும் என்பதை அறிந்தவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

இனி மரத்தில் காழ் உண்டாகும் வகையைச் சற்றே விரிவாகக் காணல் வேண்டும். உவமையின் உள்ளுறை அங்கேதான் இருக்கிறது.

மரம் பருப்பது பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்படலத்தால். அது உள்நோக்கி ஆண்டுதோறும் புதிய மரத்தைப் படைத்துக்கொண்டே செல்லும். வேரிலிருந்து இலைவரை நீர் ஏறுவது இப்புதிய வெளிவளையங்களின் வழியே. நாள் செல்லச் செல்ல உள்ளே தள்ளப்பட்ட பழைய வளையங்கள் நீர் கடத்தும் வேலையை விடுகின்றன. அவற்றில் எஞ்சியிருந்த உயிரணுக்களும் மடிகின்றன. மடியுமுன் அவை பிசின், எண்ணெய், துவர்ப்புப் பொருள்கள் ஆகியவற்றை அங்கே படியவிடுகின்றன. நிறம் கருப்பதும், பூச்சி அண்டாதிருப்பதும் இப்படிவினால்தான். வயிரம் என்று கைதட்டிப் பார்த்து மெச்சும் பகுதி, மரத்தில் உயிரோட்டம் நின்றுபோன பகுதி.

இதில் துவர்ப்பு என்னும் சொல்லைக் கடந்து போகலாகாது. கருங்காலி வகை மரம் ஒன்றின் வயிரத்தைச் சிராய்களாக்கிக் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சினால் கிடைப்பதே காசுக்கட்டி. வெற்றிலையோடு சேர்ப்பது அதுதான். துணிக்குச் சாயம் ஏற்றவும் தோல் பதனிடவும் பயன்பட்டதும் அதுதான். துவர்ப்புக்கு வடமொழியில் கஷாயம் என்று பெயர். காய்ச்சி இறக்கிய மருந்துநீரைக் கஷாயம் என்பதும், துவர்ச்சாயம் தோய்ந்த ஆடையைக் காஷாயம் என்பதும் அதன் வழியே வந்தவை. மரத்தின் காழ் என்பது கஷாயம் உறைந்து நின்ற இடம் என்றே சொல்லிவிடலாம்.

கஷாயம் என்னும் சொல்லைச் சமணர் இல்லத்துப் பிள்ளைகளும் அறிவர். கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கும் கஷாயங்கள். ஏன் அப்பெயர்? தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர், சர்வார்த்தசித்தியில் விடை தருகிறார். ஆல் முதலிய மரங்களின் துவர்ப்பு ஒன்றையொன்றோடு ஒட்டச் செய்வதற்குக் காரணமாவதுபோல, கோபம் முதலியவை ஆன்மாவோடு கர்மத்தை ஒட்டச் செய்வதால் அவையும் கஷாயம் எனப்பட்டன என்பது அவர் காட்டும் உவமை. யோகத்தால் கர்மத் துகள் வந்து சேரும். கஷாயம் இல்லையேல் உலர்ந்த சுவரில் எறிந்த மணல்போல் விழுந்துவிடும். கஷாயம் இருப்பின் ஒட்டி நிலைக்கும். தமிழ், மரத்தின் இறுகலைக் கண்டு காழ்ப்பு என்றது. ஆகமம், மரத்தின் துவர்ப்பைக் கண்டு கஷாயம் என்றது. வெவ்வேறு மொழிகளில் தோன்றிய இரண்டு உருவகங்கள் ஒரே மரத்தின் ஒரே வட்டத்தைச் சுட்டி நிற்கின்றன.

காழுக்கு மறுபெயராகிய வயிரம் என்னும் சொல்லும் இதே சிக்கலுக்குள் நிற்கிறது. வடமொழியில் வஜ்ரம் வேறு, வைரம் வேறு. முன்னது இந்திரன் படையையும் மணியையும் குறிக்கும். பின்னது வீரனுக்கு வீரன் கொள்ளும் பகை. தமிழுக்கு வந்தபோது இரண்டும் வயிரம் என்றும் வைரம் என்றும் கலந்துவிட்டன. மணியும் வைரம், மரத்தின் சேகும் வைரம், பகையும் வைரம், பகைவன் வைரி. மன்னிப்பு வேண்டும் நாளில் சொல்லப்படும் பிராகிருத வேண்டலில், எல்லா உயிரோடும் நட்பு, எவரோடும் வைரம் இல்லை என்று வருவது பின்னதாகிய பகை வைரம். முக்திக்குரிய உடலமைப்பாகச் சாத்திரம் கூறும் வஜ்ரவிருஷப நாராச சம்ஹனனத்தில் உள்ளது முன்னதாகிய வஜ்ரம். எலும்பும் பூட்டும் வஜ்ரம்போல் உறுதியான உடல். உடல் வஜ்ரமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும், உள்ளம் வைரமாகலாகாது. ஒலி ஒன்றாகிப் போனதால் இவ்வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் எடுத்துச் சொல்லாமல் விடுவதற்கில்லை. “அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று பதினைந்து வருஷமாக வைராக்கியமாக இருக்கிறார்” என்று ஊரில் பேசக் கேட்கலாம்; பேசுவதில் ஒரு பெருமிதமும் தொனிக்கும். வைராக்கியம் என்பது விராகத்திலிருந்து வந்தது. பற்று நீங்கிய நிலை. தீர்த்தங்கரர் துறவு பூணுமுன் அவர் நெஞ்சில் எழுவது அது. வைரத்துக்கும் அதற்கும் வேர் வேறு. பங்காளியோடு பேசாதிருப்பதற்கு அப்பெயரைச் சூட்டுவது, கள்ளுக்குத் தீர்த்தம் என்று பெயரிடுவதை ஒக்கும். அந்நிலைக்கு உரிய தமிழ்ச்சொல் காழ்ப்பு. அதைச் சொல்ல நா கூசுவதால்தான் சாத்திரச்சொல் கடன் வாங்கப்படுகிறது.

சினம் எப்போது காழ்க்கிறது? இதற்கு நூல்கள் தரும் விடை வியக்கத்தக்க நுட்பம் உடையது. நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோமட்டசாரத்தின் ஜீவகாண்டத்தில் நான்கு கஷாயங்களுக்கும் நந்நான்கு உவமை காட்டுகிறார். கோபம்: பாறைப் பிளவு, மண் வெடிப்பு, புழுதியில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு. மானம்: கல், எலும்பு, மரம், பிரம்பு. மாயைக்கு முதல் உவமை மூங்கில் வேர். ஒன்றுக்குள் ஒன்று முறுக்கி மண்ணுக்கடியில் ஓடும் அதன் கிழங்கைத் தோண்டிப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டா. லோபத்துக்குச் சாயங்கள், கடைசியில் வருவது வெயிலில் வெளுக்கும் மஞ்சள். மரம் இங்கே மூன்றாம் படியில்தான் நிற்கிறது. கல்லும் எலும்பும் வளையா. மரம் பதப்படுத்தினால் வளையும். உவமைகளைத் தேர்ந்தவர் கைவினைஞரின் பட்டறையை நன்கறிந்தவர் என்றே தோன்றுகிறது. தமிழில் மூதுரையும் கல்லின் பிளவு, பொன்னின் பிளவு, நீர்ப்பிளவு என்று சினத்தை மூன்றாக அளந்திருப்பது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

உவமையோடு நில்லாமல் கால அளவும் கூறப்பட்டுள்ளது. கர்மகாண்டத்தின்படி, சஞ்சுவலன கஷாயத்தின் வாசனை ஓர் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்களுக்குள். பிரத்தியாக்கியான ஆவரணம் ஒரு பட்சம், 15 நாள். அப்பிரத்தியாக்கியான ஆவரணம் 6 மாதம். அனந்தானுபந்தியோ எண்ணக்கூடிய, எண்ணவொண்ணாத, முடிவற்ற பிறவிகள்வரை தொடரும். முதல் வகை இருந்தால் நிறைவான நல்லொழுக்கம் தடைப்படும். இரண்டாவது இருந்தால் மாவிரதம் வாய்க்காது. மூன்றாவதற்கு அணுவிரதமும் இல்லை. நான்காவது இருக்குமிடத்தில் நற்காட்சியே நில்லாது.

நாலடியாரில் சினமின்மை அதிகாரத்தைப் படித்தவர்க்கு இது புதிதன்று. கீழோர் சினம் எவ்வளவு காலம் ஓடினும் பரந்துகொண்டே போகும், சான்றோர் சினம் காய்ச்சிய நீரின் சூடுபோல் தானே ஆறிவிடும் என்பது அங்குள்ள ஒரு பாடலின் கருத்து. கவனிக்கத்தக்கது, சான்றோர்க்கும் சினம் உண்டு என்று நூல் ஒப்புக்கொள்வதுதான். நீர் கொதிக்கத்தான் செய்யும். அடுப்பை விட்டு இறக்கியபின் அது எத்தனை நாழிகை சுடுகிறது என்பதே கேள்வி.

ஆறு மாதம் என்னும் எல்லை சிராவகர்க்கு மிக நெருக்கமானது. இரவில் உண்ணாமையும் நீரை வடிகட்டிப் பருகுதலும் கிழங்கு நீக்குதலும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் வீடுகளில், இந்த எல்லை காக்கப்படுகிறதா? கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விடுபட்டுப் போனது. துக்க வீட்டுக்கு மூன்றாம் நாள்தான் வந்தார்கள். வரப்பை இரண்டு அடி தள்ளிக் கல் நட்டார்கள். நடந்தது உண்மையாக இருக்கலாம், நோவும் நியாயமாக இருக்கலாம். அறுவடை இரண்டு கழிந்தும் அது அப்படியே நிற்குமானால், நூற்கணக்கில் அது கோபம் என்னும் நிலையைக் கடந்துவிட்டது. தட்டில் கிழங்கு விழுந்தால் பதறும் கை, நெஞ்சில் வேரோடியிருப்பதைத் தொடாமல் போகிறது.

பருவத்தின் நிறைவில் வரும் க்ஷமாவாணி நாள் இதற்காகவே ஏற்பட்டது. அன்று கைப்பேசிகளில் தாமரைப்பூப் படத்தோடு மன்னிப்பு வேண்டும் செய்திகள் நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. அவை போய்ச் சேருவோரின் பட்டியலைச் சற்றே பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மனத்தாபம் ஏதும் இல்லாதவர்களுக்கே அவை செல்கின்றன. யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த ஒருவரின் எண் பட்டியலிலேயே இராது. அச்செய்திகளால் கேடு ஒன்றும் இல்லை, அன்பு பெருகட்டும். வெளிவளையத்துக்கு நீர் ஊற்றுவது அது. காழைத் தொடுவது வேறு வேலை.

காழ்ப்பை விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்னும் அச்சமும் ஒரு தடை. “அதை மறந்துவிட்டால் நான் மனிதனா?” என்று கேட்பவர் உண்டு. ஆண்டுக்கணக்கில் தாங்கிய பகை, தன்னைத் தாங்கும் தூண் என்றே தோன்றிவிடுகிறது. மரத்தைக் கேட்டால் வேறு செய்தி கிடைக்கும். சாலையோரத்தில் பழம்புளிய மரங்களைக் கண்டிருப்பீர்கள். சிலவற்றின் அடிமரம் முழுதும் பொந்து. பிள்ளைகள் உள்ளே நுழைந்து ஒளிந்து விளையாடுமளவு குடைந்திருக்கும். வயிரம் என்று அதில் ஒன்றும் இராது. மேலே பார்த்தால் தளிர் விட்டு, பூத்து, காய்த்து நிற்கும். நீரும் உயிரும் ஓடுவது பட்டையை ஒட்டிய இளவளையத்தில். அது இருக்குமட்டும் மரம் வாழும். மாறாக, அந்த வெளிவளையத்தைச் சுற்றிலும் ஆழச் செதுக்கிவிட்டால், உள்ளே எவ்வளவு வயிரம் இருந்தாலும் மரம் பட்டுப்போகும். பெருங்காற்றில் பொந்து மரம் எளிதில் முறியக்கூடும் என்பதும் உண்மைதான். உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுப்பதற்கில்லை.

காழ்ப்பின் முழுக்கதையைப் பார்சுவநாதர் வரலாற்றில் காணலாம். மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணத்தை வீட்டில் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது தெரிந்த கதையே. போதனபுரத்து அரவிந்த மன்னனிடம் பணிபுரிந்த அந்தணனுக்குக் கமடன், மருபூதி என்று இரு புதல்வர். மூத்தவன் இளையவனின் மனைவி மேல் இச்சை வைத்தான். குற்றம் வெளிப்பட, நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு, தவசியர் கூட்டத்தில் சேர்ந்து, கல்லொன்றைக் கைகளில் ஏந்தித் தவம் செய்தான். இழப்புற்றவன் மருபூதி, ஆயினும் பார்சுவ புராண மரபில், அண்ணனுக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணி அவன்தான் மன்னிப்பு வேண்டிச் செல்கிறான். காலில் விழுந்தவன் தலைமேல் ஏந்திய கல் இறங்குகிறது.

அதிலிருந்து பத்துப் பிறவி. மருபூதி வஜ்ரகோஷன் என்னும் யானையாகிறான். துறவு பூண்ட அரவிந்தரின் அறவுரை கேட்டு விரதம் ஏற்று, பிற யானைகள் ஒடித்துப்போட்டு உலர்ந்த தழையை உண்டு உயிர் தாங்குகிறான். கமடன் பாம்பாகி, சேற்றில் சிக்கிய அந்த யானையைக் கடிக்கிறான். ஒருவன் ரச்மிவேகனாக வர, மற்றவன் மலைப்பாம்பாக விழுங்குகிறான். ஒருவன் வஜ்ரநாபிச் சக்கரவர்த்தியாகித் துறந்து தவத்தில் நிற்க, மற்றவன் வேடனாக அம்பு தொடுக்கிறான். ஆனந்தராக வந்தபோது சிங்கமாகப் பாய்கிறான். இருவர் பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒருபுறம் வஜ்ரம் திரும்பத் திரும்ப வருகிறது. மறுபுறம் வைரம் தொடர்கிறது. தமிழ்ச்செவிக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்பதே இக்கதையின் தனிச்சுவை. எதிர்ப்பட்ட பிறவிதோறும் அடித்தவன் கமடன். உயர்ந்துகொண்டே போனவன் மருபூதி. நரகத்துக்கும் விலங்குப் பிறப்புக்கும் மாறி மாறி இறங்கியவன், தன் பகையைச் சுமந்துகொண்டு இறங்கினான்.

கடைசிப் பிறவிக்குச் சற்று முன்னர் ஒரு நிகழ்ச்சி. கமடனின் உயிர் மகீபாலன் என்னும் பெயரில், பார்சுவரின் தாய்வழிப் பாட்டனாகவே பிறந்து, பின்னர்த் தீ நடுவே நின்று தவம் செய்கிறது. எரிக்க வேண்டிப் பெருங்கட்டை ஒன்றைப் பிளக்கக் கோடரி ஓங்குகிறான். உள்ளே உயிர் இருக்கிறது, வெட்டவேண்டா என்று இளவரசராகிய பார்சுவர் தடுக்கிறார். சிறுவன் சொல்வதா என்னும் மானம் குறுக்கே நிற்கிறது. கோடரி விழுகிறது, உள்ளே இருந்த நாகமும் நாகினியும் துண்டுபடுகின்றன. பார்சுவர் கூறிய அறமொழி கேட்டு உயிர்விட்ட அவ்விரண்டுமே தரணேந்திரனும் பத்மாவதியும் ஆயின.

மகீபாலன் இறந்து சம்பரன் என்னும் தேவனானான். பார்சுவர் தவத்தில் நின்றபோது வான்வழியே சென்ற அவன் விமானம் தடைப்பட, பழைய வைரம் நினைவுக்கு வந்தது. ஏழு நாள் மழையும் இடியும் பாறையும் பொழிந்தான். தரணேந்திரனும் பத்மாவதியும் வந்து படம் விரித்துக் காத்தனர். பார்சுவர் கண் திறக்கவில்லை. தடுக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. அந்நிலையிலேயே அவர்க்குக் கேவலஞானம் தோன்றியது. அதனைக் கண்ட சம்பரன் நெஞ்சு தணிந்து, நற்காட்சி பெற்றான் என்று புராணம் கூறும். முடிவற்ற பிறவி தொடரக்கூடிய அனந்தானுபந்தியும் அற்றுப்போகக்கூடியதே என்பதற்கு அவனே சான்று.

தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில், பாண்டியர் காலத்துப் பாறைச் சிற்பங்களிடையே இக்காட்சியைக் காணலாம். பார்சுவர் அசையாது நிற்கிறார். தலைக்குமேல் நாகம் படம் விரித்திருக்கிறது. மேலே கமடன் இரு கைகளாலும் பாறையைத் தூக்கி ஓங்கியிருக்கிறான். முதற்பிறவியில் தம்பி வந்து காலில் விழுந்த அன்று ஏந்தியிருந்ததும் கல்லே.